ஜபீன் பூட்டிய ஐஸ் பேக்டரி

பழவேற்காட்டில் ஜபீனைப் பகைத்துக்கொள்ள யாரும் ஆசைப்பட மாட்டார்கள். கணவர் மவுத்தான பிறகு, கடலோரக் கொட்டகையில் தொட்டி கட்டி, சிப்பிக் குஞ்சு வளர்த்து விற்றே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். உழைப்பில் எப்படியோ, பகையிலும் அப்படித்தான். எடுத்தால் முடிக்காமல் விட மாட்டாள்.

ஒரு வருஷம் குஞ்சுகள் ஓடு கட்டாமலே செத்தன. மறு வருஷமும் அதே கதை. தண்ணீரில் அமிலம் ஏறியிருப்பதாகக் கருவி காட்டியது. பக்கத்திலேயே பெரியப்பா மகன் யாசரின் ஐஸ் பேக்டரி. குழாய் கழுவ அங்கே ஆசிட் கேன்கள் அடுக்கியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவளுக்கு வேறு சாட்சி எதற்கு?

ஒரு சொட்டு ஆசிட்கூடத் தண்ணீரில் விட்டதில்லை என்று யாசர் அல்லாஹ் மீது ஆணையிட்டுச் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. பெருநாளன்று எல்லார் முன்னிலும் அவர் சொன்ன சலாமுக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதோடு விட்டாளா? மீன் வியாபாரிகளில் பாதிப் பேர் அவள் சொந்தக்காரர்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, யாசரிடம் ஐஸ் எடுப்பதில்லை என்று வாக்கு வாங்கினாள். ஐஸ் பொன்னேரியிலிருந்து வந்தது. எட்டே மாதத்தில் பேக்டரிக்குப் பூட்டு விழுந்தது. அன்று பிரியாணி ஆக்கித் தெருவுக்கே கொடுத்தாள்.

அந்தப் பருவத்திலும், அதற்கடுத்த இரண்டு பருவங்களிலும் குஞ்சுகள் செத்தன.

மீன்வளம் படித்த சுகிர்தா என்ற பெண் காரணம் தேடி வந்து அவளுடைய நோட்டைக் கேட்டாள். தினமும் காலையில் தண்ணீரை அளந்து பதினொரு வருஷமாக எழுதிய நோட்டு. ஜபீன் எப்போதும் நேற்றைய அளவை மட்டுமே பார்ப்பாள். சுகிர்தா முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஆசிட் ஊற்றியிருந்தால் ஒரே நாளில் அமிலம் எகிறியிருக்கும். இது வருஷா வருஷம் இம்மியிம்மியாக ஏறியிருந்தது. நடுக்கடலிலும் இதே கதிதானாம். உலகத்துப் புகைபோக்கிகளும் வண்டிகளும் கக்குகிற கரியமில வாயுவைக் கடல் குடிக்கிறது. குடிக்கக் குடிக்க அதில் அமிலம் ஏறுகிறது, குஞ்சுக்கு ஓடு கட்ட முடிவதில்லை.

யாசர் இப்போது கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் வாட்ச்மேன். ஜபீன் அங்கேயே போனாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவளாக சலாம் சொன்னாள். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, பின்னால் புகைந்துகொண்டிருந்த புகைபோக்கியைக் காட்டினார்.

"என் பேக்டரிய பூட்டினல்ல? இத்த பூட்டு, பாக்கலாம்."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. யாசர் கேட்டைத் திறக்கப் போனார். அவள் சொன்ன சலாமுக்குப் பதில் வரவே இல்லை.