அம்மா காயவைத்த மோட்டார் புத்தகங்கள்

நனைந்த வழவழப்புத் தாளுக்கென்று ஒரு வாடை உண்டு; சுண்ணாம்பும் பசையும் கலந்து புளித்தாற்போல் மூக்கில் ஏறி நிற்கும். இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குள் வாய்க்கால் தண்ணீர் புகுந்த அந்த ஆடி மாதம் முழுவதும் நாங்கள் அந்த வாடையில்தான் சாப்பிட்டோம், தூங்கினோம்.

அப்பா தென்காசியில் ஒரு பஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவருக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் கார்களையும் லாரிகளையும் பழுது பார்ப்பதற்கென்று சீமையில் அச்சிட்ட ஆங்கிலப் புத்தகங்களைச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு பித்து. செங்கோட்டைக்கு அப்பால் மலைத் தோட்டங்களை விட்டுத் துரைமார்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பங்களாவில் ஏலம் போட்டு, காரை ஒருவரும் கட்டிலை ஒருவரும் கொண்டுபோன பிறகு, யாரும் சீந்தாமல் மூலையில் கிடக்கும் மோட்டார் புத்தகங்களை அப்பா கேட்டு வாங்கி வருவார். ஓர் எஞ்சின் தன் பாகங்களையெல்லாம் கழற்றி அந்தரத்தில் மிதக்கவிட்டதைப் போன்ற படங்கள் அவற்றில் இருக்கும். குற்றாலம் சீசனுக்கு வந்த பழைய சீமைக் கார் ஏதாவது வழியில் படுத்துவிட்டால் மெக்கானிக்குகள் எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். அப்பா உரிய பக்கத்தை விரித்து ஆங்கிலத்தைத் தமிழாக்கி மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் எண்ணெய்க் கை பட்டுவிடாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். வேலை பார்த்த இடத்தில் "யோவ் ஸ்டோரு" என்று கூப்பிடப்பட்ட மனிதரை அவர்கள் "அண்ணாச்சி" என்றது அந்தப் புத்தகங்களால்தான்.

அம்மாவுக்கு அவை பிடிக்காது. வீட்டில் ஈரம் ஏறாத ஒரே இடம் "அரங்கு" என்று நாங்கள் சொல்லும் உள்ளறை. நெல்லும் அரிசியும் இருக்கவேண்டிய அந்த அறையில் பாதியைப் புத்தக அலமாரி பிடித்துக்கொண்டது. "சோத்துக்கு இல்லாத எடம் பெட்ரோல் வாடைக்கு இருக்கு" என்று அவள் முணுமுணுப்பது எங்களுக்கு மனப்பாடம்.

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். ஆரியங்காவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலம் என்று அப்பா ரயிலேறிப் போன மறுநாள் காலை, மலையில் பெய்த மழை தாங்காமல் வாய்க்கால் கரை உடைந்தது. வாசலில் இருந்த தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரங்குக்குள் ஏறியது. கறையான் தின்ற அலமாரி அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்தது. அம்மா அரிசி மூட்டையைத் தூக்கத்தான் ஓடுகிறாள் என்று நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். அவளோ மூட்டையைத் தாண்டிப் போய்ப் புத்தகங்களை வாரி எங்கள் கைகளில் திணித்தாள். அக்கா அரிசியைக் காட்டினாள்.

"அரிசி போனா வாங்கிக்கிடலாம்ட்டி. இத எங்கன போயி வாங்குவாவ?" என்றாள் அம்மா.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் வெயில் வரவில்லை. சாரல் விடாமல் அடித்தது. அம்மா புத்தகங்களை அடுப்பைச் சுற்றி அடுக்கி, பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். தாள்கள் உப்பி, அட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு கோணின. இந்தக் கோலத்தில் பார்த்தால் அப்பாவுக்கு மனம் தாங்காது என்று, அவற்றை இறுக மூடிப் பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றினாள். கங்கு அணையாமல் பார்த்துக்கொண்டாள். ஈர விறகின் புகையில் அவள் கண்கள் சிவந்து வீங்கிவிட்டன. மண் சரிந்து ரயில் நின்றுபோனதால் அப்பா வரத் தாமதமானது அவளுக்கு வசதியாகக்கூடப் போயிற்று. கடைசியில் கல்லை இறக்கியபோது அட்டைகள் நிமிர்ந்து, ஓரங்கள் ஒழுங்காக இருந்தன.

"பாத்தியாட்டி, புதுசு மாதிரி ஆயிட்டு" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்பா ரப்பர் ஷீட்டில் சுற்றிய ஒரு கட்டோடு வந்து சேர்ந்தார். அதற்குள் இருந்த புத்தகங்களில் ஈரம் பட்டிருக்காது. எங்களை நலம் விசாரித்துவிட்டு, அடுக்கியிருந்ததில் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் மரக்கட்டைபோல இருந்தது. தாளின் வழவழப்புப் பூச்சு ஈரத்தில் இளகி, அழுத்தத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டன. கத்தி முனையை நுழைத்துப் பிரித்தபோது, எஞ்சின் படத்தின் பாதி இந்தப் பக்கத்திலும் பாதி அந்தப் பக்கத்திலுமாக உரிந்து வந்தது. அம்மா நிலைப்படியில் நின்று, ஈரமில்லாத கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா கத்தியை வைத்தார்.

"நல்லாத்தான் காயவச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

பிறகு ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு தென்காசியில் ஓர் அச்சகத்துக்குப் போனார். அங்கிருந்த பைண்டர் புத்தகத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரித்திருக்க வேண்டும் என்றார். "தண்ணிக்குள்ளயே போட்டு வச்சிருந்தாக்கூட பொழச்சிருக்கும் அண்ணாச்சி. காய்ஞ்சிட்டுல்லா, இனி ஒண்ணும் செய்ய முடியாது." திரும்பும் பஸ்ஸில் அப்பா வெளியே பார்த்தபடி, "இத அம்மாட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை.

அப்பா வேலைக்குப் போன பகல்களில் அம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். இட்லிக் கொப்பரையில் ஆவி காட்டினாள். தையல் நூலை இடையில் விட்டு இழுத்தாள். தாள்கள் கூழாகி வந்தன. பிடி என்றால் நாங்கள் பிடித்தோம்; மற்ற நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக்குகள் கொஞ்ச காலம் வந்து வெறுங்கையோடு போனார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ரப்பர் ஷீட் கட்டை அப்பா பிரிக்காமலே அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் எந்த ஏலத்துக்கும் அவர் போகவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கான லாட்ஜ் நிற்கிறது. பழைய சீமைக் கார்கள் போயின. அவற்றுக்காகக் கை கட்டிக் குனிந்து நின்றவர்களும் போனார்கள். அப்பாவும் காலமாகிவிட்டார். அம்மா கடைசிக் காலத்தில் பாளையங்கோட்டையில் என்னோடு இருந்தாள். பேரப்பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோயிருந்த நாளில், ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"அன்னைக்கு நான் வேற என்னட்டி செஞ்சிருக்கணும்?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. வேறு ஒன்றும் செய்திருக்க முடியாதும்மா என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க அப்பாவும் இப்படித்தான் சொன்னாவ" என்றாள்.