இருமல்காரரும் இரண்டு ஹெட்ஃபோன்களும்

பக்கத்துத் தெருவிலேயே ஒரு காது டாக்டர் இருக்கும்போது, என் காது கெட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். வெட்கப்பட வேண்டிய பகுதி இன்னும் வரவில்லை. கிட்டத்தட்ட அதே ஹெட்ஃபோன் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதே கம்பெனி, அதே உருவம், அதே கறுப்பு. மாடல் பெயரின் வாலில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல்.

பெட்டி வந்து இறங்கியபோது மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதத்தான் ஏற்கெனவே வாங்கினீங்களே?"

"அது வேற, இது வேற."

"எங்க வேற?"

நான் அந்த எழுத்தைச் சுட்டிக்காட்டினேன். அவள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவள். "ஸ்டெப்பே இல்லாம விடைய மட்டும் எழுதி வெச்சா நான் அரை மார்க்குகூட போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்டெப் இருந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை.

என்னிடம் ஒரு பழைய கச்சேரிப் பதிவு உண்டு. ஏதோ ஒரு சபாவில், யாரோ நல்ல மனிதர் மைக்கைச் சரியான இடத்தில் வைத்து எடுத்தது. அதில் பாட்டைவிட எனக்குப் பிடித்தது பின்னால் ஓடும் தம்பூரா. அதன் நாதத்துக்கு மேலே ஒரு மினுமினுப்பு உண்டு, வெயில் பட்ட ஏரித்தண்ணீர் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொண்டிருக்கையில் அந்த மினுமினுப்பைக் காணவில்லை. தம்பூரா இருந்தது. மேலே மூடி போட்டதுபோல் இருந்தது. வயரைக் கழற்றி மாட்டினேன். காதைக் குடைந்தேன். மூடி திறக்கவில்லை.

என் அப்பாவுக்கு என் வயதில்தான் காது போக ஆரம்பித்தது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, பிறகு காலிங்பெல், பிறகு நாங்கள். அவர் யாரையும் 'என்ன சொன்னாய்' என்று கேட்டதில்லை. காதில் விழாதவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே புன்னகையைத் தயாரித்து வைத்திருந்தார். சாவுச் செய்தி சொன்னவரிடமும் ஒருமுறை அதைக் கொடுத்துவிட்டார். அந்தப் புன்னகை என் முகத்திலும் ஏறிவிடுமோ என்பதுதான் என் பயம். டாக்டர் வீட்டு வாசல்வரை போய்விட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துத் திரும்பியிருக்கிறேன். டாக்டர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். டீ மாஸ்டர் அப்படி எதையும் சொல்லமாட்டார்.

ஆகவே என் தர்க்கம் இப்படிப் போயிற்று. புதிய ஹெட்ஃபோனில் தம்பூரா மினுமினுத்தால், கெட்டது பழைய ஹெட்ஃபோன். அதிலும் மூடி இருந்தால், கெட்டது நான். இவ்வளவு அழகான தர்க்கத்துக்குப் பக்கத்தில் டாக்டர் கட்டணம் மிகவும் சில்லறைத்தனமாகத் தெரிந்தது.

இந்த ஜாதி ஹெட்ஃபோன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இவற்றுக்கு முதுகு கிடையாது. காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைப்பு இல்லாமல் வெறும் சல்லடை. அதனால் சத்தம் மண்டைக்குள் அடைபடாமல் சுற்றிலும் விரிந்து, முன்வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதற்கு விலை உண்டு. வெளியே இருப்பதெல்லாம் உள்ளே வரும், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போகும். ரயிலில் மாட்டமுடியாது, பஸ்ஸில் மாட்டமுடியாது. வீட்டில்தான். எங்கள் வீடு செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். ஆலாபனை உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்து, கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டி தாமதமாக வரும் என்று ஓர் அம்மாள் அறிவிப்பார். மின்விசிறியையும் நிறுத்தவேண்டும். செங்கல்பட்டு மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு சங்கீதம் கேட்பதை, காவடி எடுப்பவர்கள்கூட மரியாதையாகப் பார்ப்பார்கள்.

புதியதை மாட்டினேன். தம்பூரா மினுமினுத்தது!

பழையதில் பாடகர் அரை அடி முன்னால் வந்து உட்கார்வார். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி வயிற்றில் வந்து தட்டும். குளிர்காலத்துக்குக் கம்பளி மாதிரி ஒரு கதகதப்பு. புதியதில் தொப்பி சற்று இளைத்திருந்தது, ஆனால் வலப்பக்கத்து வலந்தலையில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேல் இருமல்காரர். அந்தப் பதிவில், பாட்டின் நடுவே சபையிலிருந்து ஒருவர் இருமுவார். பழையதில் அவர் தூணுக்குப் பின்னால் எங்கோ இருந்தார். புதியதில் எழுந்து வந்து என் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருமினார். இருமிய பிறகு தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது. அதுவரை அவர் செருமினார் என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. புதிதாக வாங்கிய எதுவும் கொஞ்ச நாளைக்கு நன்றாகத்தான் இருக்கும்: சட்டை, மருமகன், ஆட்சி. நான் நிஜமாகவே கேட்கிறேனா, கேட்கவேண்டும் என்ற ஆசையைக் கேட்கிறேனா?

இந்த இடத்தில் என் நண்பன் வருகிறான். பள்ளியில் ஒரே பெஞ்சு. கடப்பாக்கத்துக்காரன். இப்போது கல்பாக்கத்தில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. மீட்டர் எதைக் காட்டினாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான்."

"சரியா கேளு."

"கேட்டாச்சு. உனுக்கு எது புதுசுன்னு தெரியும், அதான் வித்தியாசமா கீது. கண்ண கட்டிக்கினு சொல்லு பாப்போம். பத்து தபா. தோத்தா ரெண்டு குடும்பத்துக்கும் மகாபலிபுரத்துல மீன் சாப்பாடு உன் செலவு. ஜெயிச்சா என் செலவு."

மீன் சாப்பாடு அவனுடைய பந்தயம். நான் எனக்குள் வேறொன்று கட்டினேன். தோற்றால் மறுநாள் காலையில் டீக்கடை கிடையாது, நேராக டாக்டர்.

அடுத்து நடந்ததை அவன் வேலையிடத்து வழக்கம் என்றுதான் சொல்லவேண்டும். என்னை ஏமாற்றக்கூடிய எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாக அடைத்தான். காது மெத்தையின் துணி இரண்டிலும் வேறு வேறு, தோலில் பட்டாலே தெரிந்துவிடும் என்று என் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டுக்கும் உறை போட்டான். புதியது எடை குறைவு என்று அதன் தலைப்பட்டையில் இரண்டு இரும்பு நட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டான். நான் தொடவே கூடாது, அவனே மாட்டிவிடுவான். எதை மாட்டுவது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்வான். கடைசியாகத் துண்டால் என் கண்ணைக் கட்டினான்.

மின்விசிறியை நிறுத்தியதும், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களோடு மனைவி சமையலறை மேஜைக்கு இடம் மாறினாள். அங்கே புகை போக்கும் விசிறியாவது ஓடும். போகிற வழியில் நின்றாள். பனியன், கண்ணில் துண்டு, தலையில் வேட்டித் துணி, காதோரம் தொங்கும் நட்டுகள்.

"இன்னாண்ணே, பேய் ஓட்டுறீங்களா?"

"ஓடாது தங்கச்சி. பழைய பேய்" என்றான் அவன்.

பிறகு சத்தத்தைச் சமப்படுத்தினான். செல்போனில் ஏதோ ஓர் அளவுகோலை வைத்து இரண்டிலும் ஒரே அளவு வரும்படி திருகினான். "எது சத்தமா கேக்குதோ அதான் நல்லா கீதுன்னு தோணும். கடைக்காரன் வித்தையே அதான். இது போதுமா?"

"கொஞ்சம் ஏத்து."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"காதா, கருங்கல்லா? ஏத்திட்டேன் போ. ரெண்டுக்கும் ஒரே அளவுதான்."

முதல் தடவை. தம்பூரா வந்தது. வேர்வை மூக்கு நுனியில் நின்று யோசித்தது. பாட்டை விட்டுவிட்டேன். இருமலுக்காகக் காத்திருந்தேன். இருமினார். தூணுக்குப் பின்னால்.

"பழசு."

கழற்றினான், காசு சுண்டும் சத்தம், மாட்டினான். மறுபடி அதே இடத்திலிருந்து பாட்டு. இருமல். என் பக்கத்து நாற்காலி. செருமல்.

"புதுசு."

மூன்றாவது, பழசு. நான்காவதும் பழசு. ஐந்தாவதும் பழசு என்றேன். அவன் வேண்டுமென்றே குழப்புகிறானா, காசுதான் அப்படி விழுகிறதா? ஆறாவதில், இருமல் வரவேண்டிய நொடியில் ஓர் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு சல்லடை வழியாக என் தலைக்குள் புகுந்து போயிற்று. பாவம், இருமல்காரர் அதன் அடியில் போனார்.

"சொல்லு."

"மறுபடி போடு."

"இன்னா, தெரிலயா? தெரிலன்னா தெரிலன்னு சொல்லு. வஞ்சிரம் நல்லா கீதாம் இப்ப."

"ரயில் போச்சுடா. போடு."

போட்டான். துண்டுக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பாவின் முகம் வந்தது, அந்தப் புன்னகையோடு. அதை ஒதுக்கிவிட்டுத் தம்பூராவுக்குப் போனேன். வெயில் பட்ட ஏரி.

"புதுசு."

அப்படியே பத்தாவதுவரை சொல்லி முடித்தேன். பிறகு மின்விசிறி சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டது. துண்டை அவிழ்த்தேன். நண்பன் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டு, மீட்டரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"பத்தும் கரெக்ட்டு."

"என்னது?"

"பத்தும் கரெக்ட்டுடா! காதா அது? பாம்புச் செவி!"

வாழ்க்கையில் நான் எதிலும் நூற்றுக்கு நூறு வாங்கியதில்லை. என் மனைவியின் மாணவர்கள் வாங்குகிறார்கள், மனைவி வாங்குகிறாள், ஆதார் அட்டையில் புகைப்படம்கூட அவளுக்கு நன்றாக விழுந்திருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல், பனியனோடு, காதில் நட்டு தொங்க, நான் வாங்கிவிட்டேன். எழுந்து சமையலறை வாசலுக்குப் போய், "பத்துக்குப் பத்து" என்றேன். அவள் சிவப்புப் பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல் "தெரியும்" என்றாள். கணவன்மேல் அவளுக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று நெகிழ்ந்துபோனேன்.

அன்று மாலையே நண்பனின் காரில் கிளம்பினோம். நடுவில் அவன் மனைவியையும் ஏற்றிக்கொண்டோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் பேசியதை ஒரு சொற்பொழிவு என்று கொள்ளலாம். அவனுடைய என்ஜினில் ஒரு சின்ன உரசல் இருப்பதை எடுத்துச் சொன்னேன். மகாபலிபுரம் நெருங்க, சிற்பக்கூடங்களில் கல்லறுக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே மெஷின் இல்லை, அந்தப் பக்கத்தில் ஓடுவது அரை ஸ்வரம் கீழே என்றேன்.

"வாய மூடிக்கினு வரியா, எறக்கி வுடவா?" என்றான் நண்பன்.

"பாம்பு, தன்னோட செவிய பத்தி பேசக்கூடாதா?"

"தங்கச்சி, வூட்டுல எப்பிடிம்மா சமாளிக்கிற?"

"நான் வெளிய எங்கயாச்சும் பாத்துகினு இருப்பேண்ணே" என்றாள் என் மனைவி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி.

கடலோரத்து ஓட்டலில் மணலில் மேஜை போட்டிருந்தார்கள். வஞ்சிரம், நெத்திலி, இறால் எல்லாம் நண்பன் செலவில் வந்தன. தோற்றவன் வாங்கித் தரும் மீனுக்கு மசாலா தனியாகப் பிடிக்கிறது. சாப்பாட்டின் நடுவில் நான் கையை நிறுத்திவிட்டேன். அலை உடைகிற சத்தத்தை யாரும் கேட்டுவிடலாம். அது திரும்பிப் போகும்போது மணலில் எழும் மெல்லிய சீறல், எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் ஆயிரம் குமிழி ஒன்றாக வெடிப்பது, அது எனக்குக் கேட்டது. முதல் குமிழியிலிருந்து கடைசிக் குமிழிவரை. அப்பா இந்தக் கரையில் எங்களோடு நின்றிருக்கிறார், அதே புன்னகையோடு. அவருக்குக் கேட்காமல் போனது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு இருந்தது. என்னுடைய ஏரி, என்னுடைய கடல், என்னுடைய இருமல்காரர், எல்லாரும் அவரவர் இடத்தில் பத்திரமாக இருந்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தம்பூராவில் மூடி விழுந்தது, அப்பா, டாக்டர் வீட்டு வாசல், டீக்கடை, எனக்குள் கட்டிய பந்தயம் எல்லாம்.

"அட பேஜாரு புடிச்சவனே, இதுக்கா?" என்று நண்பன் ஒரு துண்டு வஞ்சிரத்தை எடுத்து என் தட்டில் போட்டான். "பத்துக்குப் பத்து அடிச்சிட்ட. இனிமே இன்னாடா பயம்? துன்னு."

என் மனைவி கடைசிப் பெஞ்சில் கிசுகிசுப்பவனை, போர்டில் எழுதிக்கொண்டே பெயர் சொல்லி எழுப்புகிறவள். நெத்திலியின் முள்ளை நிதானமாக எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"புதுச மாட்டும்போதெல்லாம் அந்தாளு இருமிட்டு செருமுறது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுதுங்க, அந்த விசிறி ஓடிக்கினு இருக்கும்போதே. பேப்பர் திருத்திகினே நானும் மனசுக்குள்ள பத்தும் கரெக்ட்டாதான் சொன்னேன். அதில்ல, அவ்ளோ சத்தமா வெச்சாத்தான் உங்களுக்குக் கேக்குதா?"