சகலையின் டூ ஸ்ட்ரோக் வண்டி

பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம் செய்த ஒரு சீனக் கிழவரிடம் அந்த வண்டி இருந்தது. நூற்றைம்பது சிசி, டூ ஸ்ட்ரோக், வெள்ளையும் நீலமும். ஆறு வருடம் அதன் பின்னால் அலைந்தேன். மீன் வாங்கப் போகிற சாக்கில் போவேன். மீனை ஒரு பார்வை, வண்டியை ஒன்பது பார்வை பார்ப்பேன். விற்கிறாயா என்று மலாயில் கேட்டால், கிழவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிடுவார்.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், ஒரே ஒரு நாள் அங்கே இறால் வாங்கப் போனார். அன்றைக்கென்று பார்த்துக் கிழவருக்கு முழங்கால் வலி. வண்டியை உதைத்துக் கிளப்ப முடியவில்லை. எடுத்துக்கொள்கிறாயா என்று அவராகவே கேட்டிருக்கிறார். சகலை இறாலோடு வண்டியையும் வாங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு இறால் தொக்கு மட்டும் வந்தது.

எதற்கு மறைக்க வேண்டும், எனக்கு வயிறு எரிந்தது. ஈஜோக்கில் இருபது வருடமாக மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். அவர் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தின் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குகிறவர். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற ஆள். கெட்டவராக இருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை, தங்கமான மனுஷர்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு கடைக்கு வந்தார்.

"அண்ணே, மெதுவாப் போறப்ப வெட்டி வெட்டி இழுக்குது லா. செம்பனைக் குலை ஏத்துன லோரி பின்னால மாட்டிக்கிட்டா இடுப்பே கழண்டுரும் போல இருக்கு. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

அவர் எதிரே இருந்த தேநீர்க் கடைக்குத் தே வாங்கப் போனார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் இறங்கினேன். மூன்றாவது கியரில் மெதுவாகப் போனேன். ஆக்சிலரேட்டர் முறுக்கைக் கொஞ்சம் திறந்தால் பின்னால் 'டக்'. மூடினால் மறுபடியும் 'டக்'. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து விடுவது போல் இருந்தது. கிளட்சைப் பிடித்துப் பார்த்தேன். இஞ்சின் சீராகப் பாடியது. அப்போதே கோளாறு இஞ்சினில் இல்லை என்று தெரிந்துவிட்டது.

கடைக்குத் திரும்பிச் செயினை நாலைந்து இடத்தில் அமுக்கிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு தொய்வுதான், செயினில் குறை இல்லை. பிரேக் மிதியை ஒரு ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டி, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, பின்பக்கத்துப் பல்சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினேன். சக்கரம் அசையவில்லை, பல்சக்கரம் மட்டும் விழப்போகிற பல்லைப் போல் முன்னும் பின்னும் ஆடியது. நியூட்ரலில் இருக்கும்போது அந்த ஆட்டம் கியர் பெட்டியிலிருந்து வர வழியே இல்லை. பின் சக்கரத்தின் குடத்துக்குள், இழுப்பின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக ரப்பர் கட்டைகள் இருக்கும். அவைதான் தேய்ந்து போயிருந்தன. புது ரப்பர் கிடைக்காவிட்டாலும் பழைய லோரி டியூபை வெட்டிச் சந்தில் அடைத்தால் போதும். தோட்டத்து வண்டிகளுக்கு அதைத்தான் செய்கிறோம். அரை மணி நேர வேலை.

ரப்பர் வாரை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். சகலை பிளாஸ்டிக் பையில் கட்டிய இரண்டு பொட்டலம் ஐஸ் தேயோடு வந்தார். எனக்குச் சீனி குறைவாக, நான் சொல்லாமலே.

"கியர் பாக்ஸ், தம்பி," என்றேன். "உள்ள பல்லு போயிருச்சு. இஞ்சினையே பொளக்கணும், சாமானும் கிடைக்காது. ஓட்டாதீங்க. நடுரோட்டுல பூட்டிக்கிச்சுன்னா ஆளையே தூக்கிப் போட்டுரும்."

"அப்ப என்னண்ணே செய்யலாம்?"

"எங்கிட்டயே விட்டுருங்க. இங்க ஒரு மூலையில கிடக்கட்டும்."

இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் முன்னால் சொன்ன அத்தனையும். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்குக் கனிவாக இருந்தது. அவர் பெட்ரோல் தொட்டியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ரெண்டு வாரம் டைம் குடுங்கண்ணே. மனசு வரல."

ஓட்டாதே என்று நான் சொன்னதால் வண்டியைத் தள்ளிக்கொண்டே கிளம்பினார். வீடு இரண்டு கிலோமீட்டர். வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்தபடி தேயை உறிஞ்சினேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அன்று மத்தியானமே லோரி டியூபில் ஆறு துண்டுகளை அளவாக வெட்டி, பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்தேன். வண்டி கைக்கு வந்ததும் மாட்டிவிடலாம் என்ற நினைப்பு. சாப்பாடு கொண்டுவந்த மனைவி, இது எதற்கு என்று கேட்டாள். அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. கண்டுபிடித்ததை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"அவர் வண்டிக்குத்தான். நூறு அடி ஓட்டுனதுமே புடிச்சிட்டேன். ரப்பர் தேஞ்சிருக்கு. இதை அடைச்சா வெண்ணெய் மாதிரி ஓடும்."

"அப்படியா? தங்கச்சிக்கு போன் போட்டுச் சொல்லிடறேன்."

"வேணாம், வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

இரண்டு வாரமும் எனக்கு வேலை ஓடவில்லை. கடையின் உள்மூலையில் டயர்களை நகர்த்தி, ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் ஒதுக்கி, தரையைக் கழுவியும் வைத்தேன்.

அடுத்து அவர் வந்தபோது ஆளுக்கு முன்னால் சத்தம் வந்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினார். வெட்டவே இல்லை.

"அண்ணே, கியர் பாக்ஸ் இல்லண்ணே!" வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார். "இந்தோனேசியாக்காரர் ஒருத்தர் வீடியோ போட்டிருக்காரு. வாங்க, காட்டறேன். பிரேக்கை அமுக்கிக்குங்க. நியூட்ரல்ல வச்சு, இப்படி ஸ்பிராக்கெட்டை ஆட்டிப் பாக்கணும். முன்ன இது தனியா ஆடுச்சு. உள்ள ரப்பர் போயிருந்துச்சுண்ணே. பழைய லோரி டியூபை வெட்டி அடைச்சிட்டேன். ஆறே துண்டு."

குடுவை கழுவுகிற அந்த விரல்களின் நகத்திலெல்லாம் கிரீஸ். குந்தியிருந்தவர் எழுந்து என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கே புடிபடலன்னு யார்கிட்டயும் சொல்லலண்ணே, வீட்டுலகூட. எத்தனை வண்டி பாக்குறீங்க, ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும்."

தெரியும் என்றால் நான் பொய்யன். தெரியாது என்றால் இருபது வருடத் தொழில் போச்சு. அப்போதுதான், சாப்பாட்டோடு வந்த மனைவி வாசலில் நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சகலையின் கிரீஸ் கையைப் பார்த்தாள், அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தாள். காலியாக நின்ற அந்த உள்மூலையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"நல்லாச் சொல்லிக் குடுங்க, தம்பி," என்றாள். "அவருக்கு இதெல்லாம் தெரியாது."

சாப்பாட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரேக் மிதியைக் கையால் அமுக்கிக்கொண்டேன்.

"எங்க, இன்னொரு தடவை காட்டுங்க."

அவர் சந்தோஷமாக முதலிலிருந்து ஆரம்பித்தார். பல்சக்கரம் மயிரிழைகூட அசையவில்லை. நான் வெட்டி வைத்த துண்டுகள் இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்குமா என்று யோசித்தேன். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.