செஞ்சிக் கோட்டையை ஒரு குளிர்காபி சாத்திய கதை

நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று உறுதிகூறியே தொடங்குகிறேன். பெரும் படைகளையே திணறடித்த செஞ்சி ராஜகிரிக் கோட்டையை, போன மாசியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை என் முகத்துக்கு நேரே சாத்திவிட்டது.

நான் அங்கே போன காரணம், என் மனைவியின் தம்பி செல்வம். செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்காரன். இரண்டு முட்டியும் தேய்ந்து, பங்குனியில் ஆபரேஷன். அதற்கப்புறம் மலையேறக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். "சொந்த முட்டியோட ஒருவாட்டி ஏறிடணும் மாமா. உக்காந்து உக்காந்து போயிடலாம், நீயும் வா" என்றான். பத்து மணிக்குக் கோட்டை வாசலில் நிற்பேன் என்று மாமன்னர் தோரணையில் வாக்களித்தேன்.

சென்னையிலிருந்து செஞ்சி ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் காரை எடுத்தேன். திண்டிவனத்துக்குச் சற்று முன்னால், ஊருக்கு ஊர் கிளை விட்ட ஒரு பெரிய காபிக்கடை. சுவரில், குளிர்காபி மேல் க்ரீம் மலைபோல நிற்கும் படம். மலையேறப் போகிறவன் மலையைக் குடித்தால் என்ன?

"இது ஒண்ணு. சக்கரை கம்மியா" என்றேன்.

கல்லாவிலிருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சிரப்லயே ஸ்வீட் இருக்கு சார். கம்மி பண்ண முடியாது. எக்ஸ்ட்ரா வேணா போடலாம்."

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்ட்ராங்கா, ஆத்தாம, சக்கரை கம்மியா என்று எந்தப் பெட்டிக்கடையிலும் அதிகாரம் செய்து குடிக்கிற ஜனம் நாம். முந்நூற்று நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த 'கம்மி'யைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கோப்பை செஞ்சி ஆனைக்குளம் ஆழம். முத்துக்குளிக்கிறவர்களை இறக்கித் தேடியும் உள்ளே காபி அகப்படவில்லை. குடித்து முடித்துக் காரில் சாய்ந்தவன் மூன்று மாதம் தூங்கினேன். செல்போன் மட்டும் நாலரை மணி நேரம் என்று சாதித்தது.

வாசலை அடைந்தபோது மணி இரண்டரை. காவலர் கையை விரித்தார். "இதுக்கு மேல ராஜகிரி ஏற விட மாட்டோம் சார். கீழயே சுத்திப் பாருங்க."

செல்வம் மதிலோரம் நின்றிருந்தான். "இன்னா மாமா, யானை மேல வந்தியா?"

"நீயாவது ஏறியிருக்கலாமே மச்சான்!"

"நீ வருவேன்னுதான் நின்னுனு இருந்தேன்."

"உக்காந்திருக்கலாமே?"

"உக்காந்தா எழுந்திரிக்க முடியல மாமா. உள்ள தெம்பை மலைக்கு வச்சிருந்தேன்."

அப்புறம் பஸ் ஸ்டாண்டு எதிரில் காபி குடித்தோம். கடைக்கார பாய் கேட்காமலே சர்க்கரையைக் குறைத்துப் போட்டார். நான் பாதியிலேயே டம்ளரை வைத்தேன். மறுவாரம் போகலாமென்றேன். "ஆஸ்பத்திரியில சேரச் சொல்ட்டாங்க மாமா" என்றான்.

ராஜகிரி ஏற நினைப்பவர்கள் விடியுமுன் கிளம்புங்கள். ஏற விடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் க்ரீம் மலை எதிலும் ஏறாதீர்கள். செஞ்சிக்குப் போய்க் குடியுங்கள்.

ஆனைக்குளம், முத்துக்குளிப்பு, மூன்று மாதத் தூக்கம், இவற்றையெல்லாம் தாராளமாகத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அவன் உட்காராமல் நின்றது மட்டும் நிஜம்.