உர்வே எழுதிய லேபிள் விதி

வாயில் விரலை வைத்தாலும் உர்வேக்குக் கடிக்கத் தெரியாது என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் விரலை வைத்துப் பார்த்ததில்லை.

தார்த்து நகரில், மக்கள் கொடுக்கும் ரத்த மாதிரிகளை ஆராய்ச்சிக்காக உறையவைத்துக் காக்கிறோம். எந்தக் குப்பிக்கு எந்த லேபிள், எப்போது அச்சாக வேண்டும் என்ற விதிகளைக் கணினியில் எழுதுவது உர்வேயின் வேலை.

போன வருடம் எங்கள் தலைவன் தார்வோ, உர்வே வேண்டாம் என்றும் கேட்காமல், சிக்கனம் என்று சொல்லி, குளிர் தாங்கும் லேபிளுக்குப் பதில் சாதாரணக் காகித லேபிளைப் போடச் சொன்னான். 'தலைவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. குப்பிகளை உறையவைக்கும் நைட்ரஜன் தொட்டிக்குள் லேபிள்கள் உரிந்து விழுந்தன. ஒரு அடுக்கு முழுக்க யாருடைய ரத்தம் என்றே தெரியாமல் போயிற்று.

"விதி எழுதினது உர்வே. அவளைக் கேளுங்க," என்று கூட்டத்தில் கைகழுவினான். அதோடு விட்டானா? இனி அவள் விதியை எழுதலாம், ஓடவிடுவதும் நிறுத்துவதும் தன் கையில் மட்டும் என்று அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டான். நாங்கள் கோபம் வந்தால் கத்துகிறவர்கள் இல்லை. உர்வே அதற்குப்பின் அவன் இருக்கும் மேசையில் காபி குடிக்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஹெல்சிங்கியிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அவர்களிடம் வேகத்தைக் காட்ட வேண்டும் அவனுக்கு.

"பதிவைச் சேமிச்ச உடனே லேபிள் வந்து விழணும். அச்சடிக்கவா, வேண்டாமான்னு கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது."

"அப்படி விட்டா, பழைய குப்பிக்கெல்லாம் மறுபடி அச்சாகும் தார்வோ. புதுசுக்கு மட்டும்னு ஒரு நிபந்தனை போட்டுடறேன்."

"உன் கெட்டிக்காரத்தனத்தைப் போன வருஷமே பார்த்தாச்சு. சொன்னதை மட்டும் செய்."

"சரி," என்றாள். சொன்னதை மட்டும் செய்தாள். அவன் சோதித்துக்கூடப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தான்.

விருந்தாளிகள் சூழ்ந்து நிற்க, ஒரு பெரிய திட்டத்தின் பதிவைத் திறந்து, ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தான். அதிலிருந்த பழைய குப்பிகள் அத்தனைக்கும் பிரிண்டர் லேபிள் அடிக்கத் தொடங்கியது. லேபிள் சுருள் மேசையிலிருந்து வழிந்து விருந்தாளிகளின் காலைச் சுற்றியது. பிளக்கைப் பிடுங்கினான். மறுபடி செருகியதும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நிறுத்து உர்வே!"

"எனக்கு ஏது அதிகாரம்? உங்ககிட்டதானே இருக்கு."

திரையில் அங்கும் இங்கும் தேடினான். வியர்த்துவிட்டது. "நிறுத்துறது எங்க இருக்குன்னாவது சொல்லித் தொலையேன்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சொல்றேன். காகித லேபிள் போடச் சொன்னது யாரு? முதல்ல அதை இவங்ககிட்ட சொல்லுங்க."

பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான்தான்."

"கேக்கல."

"நான்தான் போடச் சொன்னேன்! உர்வே வேண்டாம்னுதான் சொன்னா!"

அவள் திரையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். அவன் அழுத்தினான். பிரிண்டர் நின்றது.

மாலையில் அவளிடம், "போகட்டும், இப்பவாவது அவனை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டே, "பிரிண்டர்தானே நின்னுச்சு?" என்றாள்.