பாட்டு முடிந்தும் மூச்சு விட்ட பாடகி

இன்று காலை மல்லேஸ்வரத்தில் ஆபீஸ் நண்பன் பிரகாஷ் வீட்டுக்குப் போனேன். காபிக்கு என்று நினைத்திருந்தேன். அவன் கூப்பிட்டதோ பாட்டுக் கேட்க.

ஷோகேஸில் ஒரு கறுப்புப் பெட்டி. அவன் சேர்த்த பாட்டெல்லாம் அதற்குள்தான். அங்கிருந்து வீட்டு நெட்வொர்க் வழியாக ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கு வருகிறது. எல்லாம் ஹை-ரெஸ், அதாவது துல்லியம் கூடிய ஒலிப்பதிவு. ஃபோனில் பாட்டுக் கேட்பவர்களை அவன் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

என்னை சோபாவின் நட்டநடுவில் உட்கார வைத்தான். தலையைப் பிடித்து இரண்டு அங்குலம் நகர்த்தினான். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு பாடகியின் பாட்டைப் போட்டான்.

"கண்ண மூடு குரு. அந்தம்மா மூச்சு விடறது கேக்குதா?"

சத்தியமாகக் கேட்டது. சீரான, மெல்லிய மூச்சு.

"ஆமாடா. லேசா சளி பிடிச்சிருக்கும்போல" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "இத்தன பேர் கேட்டாங்க, நீ ஒருத்தன்தான்டா கண்டுபிடிச்ச!"

பாட்டு முடிந்தது. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

காபியோடு வந்த அவன் மனைவி சொன்னார்: "அது அந்தப் பொட்டிக்குள்ள ஓடற ஃபேனுங்க. தூசி அடைச்சு ஒரு மாசமா இப்படித்தான் இரைக்குது. தொடைங்கன்னு சொன்னா இவரு காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு."

சாயங்காலம் பிரகாஷிடமிருந்து மெசேஜ்: "தொடைச்சிட்டேன். நாளைக்கு வா. இப்ப நெஜமான மூச்சு கேக்கும்."

இதுபோல யார் வீட்டு சோபாவிலாவது தலையாட்டியவர்கள் கீழே கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளலாம்.

நான் நாளைக்கும் போகிறேன். கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்கும். அந்த வீட்டுக் காபி அப்படி.