கல்வராயன் மலைக்கு மேல் விழுந்த அடி

கல்வராயன் மலைக்கு மேலே பறந்தபோது பயிற்சி விமானத்தின் கருவிப் பலகையிலிருந்து கரும்புகை கிளம்பியது. நான் பயிற்சியாளர். ஓட்டியவர் என்னிடம் கற்றுக்கொண்டிருந்த சின்னசேலத்து விவசாயி, என்னைவிட மூத்தவர். புகை அடங்க மின்சாரத்தை மொத்தமாக அணைத்தேன், ரேடியோவும் செத்தது. எஞ்சினுக்கு பேட்டரி தேவையில்லை, அது ஓடியது. அவரோ பயத்தில் விமானத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். விமானம் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து உதறியது.

“வுடுங்கண்ணே, விழுந்துடுவோம்” என்று கத்தினேன். விடவில்லை. முழங்கையால் அவர் முகத்தில் ஓங்கி இடித்தேன். ரத்தம் கொட்டியது, பிடி தளர்ந்தது. விமானத்தைத் தாழ்த்தி வேகம் பிடித்து, சேலம் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் இறங்கலாம் என்று காட்டிய பச்சை விளக்கைப் பார்த்து இறக்கினேன்.

மன்னிப்புக் கேட்டேன். “புட்ச்சிக்கினு இருந்ததே எனக்குத் தெரியலைங்க மேடம்” என்றார். உடைந்த மூக்கோடு அவரை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.